ஏ.ஐ. பந்தியில் தமிழுக்கு இலை போட்டாச்சா?

சென்ற மாதம் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் யாரோடோ பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, ஒரு ஏ.ஐ. செயலியிடம் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். “காலையில சுகர் மாத்திரை போட மறந்துட்டேன். இப்ப ராத்திரிக்கு ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?”

பதில் தமிழில்தான் வந்தது. இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் போடலாமா, கூடாதா என்பது மட்டும் கடைசிவரை தெளிவாகவில்லை. அதே கேள்வியை நான் ஆங்கிலத்தில் தட்டினேன். இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போட வேண்டாம், சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள் என்று முதல் வரியிலேயே வந்தது. ஒரே செயலி, ஒரே கேள்வி. மொழி மட்டும்தான் வேறு.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். ஒரு பிழையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது என்று தெரியும். என் கேள்வி வேறு. இந்த மாதிரி செயலிகள் தமிழில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை யாராவது முறையாகச் சோதிக்கிறார்களா? அது யாருடைய பொறுப்பு?

இந்தக் கேள்வியோடு உலக நாடுகள் ஏ.ஐ. பற்றிக் கூடிப் பேசுவதைக் கவனித்தால் காட்சி கொஞ்சம் மாறித் தெரியும்.

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் முதல் ஏ.ஐ. பாதுகாப்பு மாநாடு நடந்தது. அமெரிக்கா, சீனா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. 2024 மே மாதம் சியோலில் கூடினார்கள். 2025 பிப்ரவரியில் பாரிஸ். அந்த மாநாட்டுக்குப் பிரான்ஸோடு சேர்ந்து இந்தியாவும் தலைமை வகித்தது. ஆனால் அங்கே அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்துப் போடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.நா. பொதுச்சபை, 40 நிபுணர்கள் கொண்ட ஒரு அறிவியல் குழுவையும், எல்லா நாடுகளும் கலந்துகொள்ளும் ஒரு உரையாடல் அமைப்பையும் உருவாக்கத் தீர்மானம் போட்டது.

“வல்லரசுகள் போட்டி போடுற விஷயம் இது. இந்த அறிக்கை எல்லாம் சும்மா போட்டோவுக்குத்தான்” என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மைதான். பெரிய அறிக்கைகளுக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் மேடைக்குப் பின்னால் இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. நமக்கு முக்கியமானது அதுதான்.

2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், ஏ.ஐ. பாதுகாப்பு நிறுவனங்களின் சர்வதேச வலையமைப்பு முதல்முறையாகக் கூடியது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, பிரான்ஸ், ஜப்பான், கென்யா, தென்கொரியா, சிங்கப்பூர், அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை அதன் தொடக்க உறுப்பினர்கள். ஏ.ஐ. மாதிரிகளை ஒரே முறையில் எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொள்வது இவர்களுடைய வேலைகளில் ஒன்று. அந்த வகையில் சிங்கப்பூர் முன்னின்று நடத்திய ஒரு கூட்டுச் சோதனையின் அறிக்கை 2025 ஜூனில் வந்தது. பத்து மொழிகளில் சோதித்திருந்தார்கள்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், மாண்டரின், கான்டனீஸ், மலாய், பாரசீகம், சுவாஹிலி, தெலுங்கு.

தமிழ் இல்லை.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான மொழிகளில் பத்தை மட்டும் எடுத்தால் நிறைய மொழிகள் விடுபடத்தான் செய்யும். தெலுங்கு இருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனாலும் தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கேயே ‘ஏ.ஐ. சிங்கப்பூர்’ உருவாக்கிய சீ-லயன் மொழி மாதிரிகளில் தமிழ் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்தப் பட்டியலில் நம் பெயர் வரவில்லை.

வராவிட்டால் என்ன ஆகும்? 2023ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் ஜிபிடி-4 மறுத்துவிடும் ஆபத்தான கேள்விகளை, ஜூலு, ஸ்காட்ஸ் கேலிக் போன்ற தரவு குறைந்த மொழிகளில் மாற்றி மாற்றிக் கேட்டபோது, 79 சதவீதம் அதன் தடுப்பைத் தாண்டிவிட முடிந்தது. அப்போதைய மாதிரி அது, இப்போது நிலைமை முன்னேறியிருக்கலாம். ஆனால் அடிப்படை விஷயம் மாறாது. ஆங்கிலத்தில் போட்ட பூட்டு மற்ற மொழிகளில் தானாகப் பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு மொழியிலும் போய் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில் நம்முடைய பழைய அனுபவம் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும்.

1991ல் யூனிகோடு முதல் பதிப்பு வந்தபோது, தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. அந்த அமைப்பு 1988ல் இந்தியாவில் வகுத்த இஸ்கி முறையிலிருந்து வந்தது. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சு. அகர உயிர்மெய்தான் அடிப்படை, அதன்மேல் புள்ளி வைத்தால் மெய் என்பது அந்த முறையின் கணக்கு. நம் இலக்கணமோ மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்கிறது. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது. இணையத்தில் பொதுவாகப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்தான்.

பிற்பாடு தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. 1997ல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு, 1999ல் சென்னையில் மாநாடு, 2000ல் உத்தமம் அமைப்பு என்று சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தமிழ்நாடு, ஐரோப்பா, வட அமெரிக்கா எல்லாம் சேர்ந்து உழைத்தார்கள். தமிழுக்குப் பொருந்தும் வேறு முறைகளையும் முன்வைத்தார்கள். 2010ல் தமிழ்நாடு அரசு டேஸ்-16 என்ற முறைக்கு ஒப்புதல்கூடக் கொடுத்தது. ஆனால் யூனிகோடில் ஒருமுறை எழுத்துக்கு இடம் கொடுத்தால் பிறகு மாற்ற மாட்டார்கள், அது அவர்களுடைய கொள்கை. அதில் நியாயமும் இருக்கிறது. அந்த ஒரே தரத்தால்தான் டொராண்டோவில் அடித்த தமிழ் யாழ்ப்பாணத்தில் கட்டம் கட்டமாக இல்லாமல் எழுத்தாகத் தெரிகிறது.

பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. தரம் வகுக்கும்போது இருந்தால் ஒரு வரி சொன்னால் போதும். வகுத்த பிறகு போனால் இருபது வருஷம் மனு எழுத வேண்டும்.

ஏ.ஐ. விஷயத்தில் அந்தப் பந்தி இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மேலே சொன்ன உறுப்பினர் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். தொடக்கத்தில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. இருப்பவை கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர். நாம் குடியேறி, வரி கட்டி, வோட்டுப் போடும் நாடுகள். அந்த அறைகளுக்குள் தமிழைக் கொண்டுபோக இன்றைக்கு நமக்குத்தான் வழி கிட்டத்தில் இருக்கிறது.

அதற்குப் பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை. இந்த அரசுகள் ஏ.ஐ. விதிகள் குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது, நம் சங்கங்கள் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம்: “எங்கள் பெரியவர்கள் தமிழில் கேட்கிறார்கள், தமிழிலும் சோதியுங்கள்.” உங்கள் எம்.பி. பொங்கல் விழாவுக்கு வரும்போது பொன்னாடையோடு இதையும் கையில் கொடுக்கலாம்.

என்னைப் போன்ற பொறியாளர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சோதனைக்குக் கேள்விகள் வேண்டும், அதுவும் பாடப்புத்தகத் தமிழில் இல்லை. மதுரைக்காரரும் மட்டக்களப்புக்காரரும் கிள்ளான் அக்காவும் வீட்டில் கேட்கிற மாதிரி, பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிற மாதிரி. மருந்து, விசா, வங்கி மோசடி, மன உளைச்சல் என்று நிஜமான கேள்விகள். அதைத் தமிழ் தெரிந்த மனிதர்கள்தான் எழுதவும் திருத்தவும் முடியும். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. தாத்தா பாட்டி கேட்பதைக் கவனித்து எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அன்றைக்கு ராத்திரி அம்மா ஒரு மாத்திரைதான் போட்டார். நான் வீட்டில் இருந்ததால் சரியாகப் போயிற்று. பிள்ளைகள் ஷிப்டுக்குப் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் எத்தனையோ அம்மாக்களுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து அதையே ஆங்கிலத்திலும் கேட்டுப் பார்க்க ஆள் கிடையாது.