ஆடு புலி ஆட்டத்தில் போர் விதிகளும் கதையும்

ஆடு புலி ஆட்டம் என்பது தரையில் கோடு வரைந்து, காய்களை நகர்த்தி இருவர் ஆடும் தமிழர் விளையாட்டுகளுள் ஒன்றாகும். புதுக்கோட்டை மாவட்டம் உள்ளிட்ட தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மரத்தடிகளிலும் ஆடப்பட்டு வந்துள்ளது. ஒருவர் 3 புலிகளையும் மற்றவர் 15 ஆடுகளையும் கொண்டு ஆடுவர். ஆட்டம் தொடங்குமுன் கதை எதுவும் சொல்லப்படுவதில்லை. மந்தைக்குள் புலி புகுந்த நிகழ்வு முழுவதும் காய்களை நகர்த்தும் விதியிலும் வெட்டும் விதியிலுமே அடங்கியுள்ளது. அவ்விதிகளுக்கும் கதைக்கும் உள்ள தொடர்பே இக்கட்டுரையின் பொருளாகும்.

களமும் காய்களும்

களத்தின் உச்சியில் ஒரு புள்ளி உண்டு. அதிலிருந்து நான்கு கோடுகள் கீழ்நோக்கி விரிந்து செல்கின்றன. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் குறுக்காகக் கடக்கின்றன. கிடைக்கோடுகளின் முனைகள் இருபுறமும் செங்குத்துக் கோடுகளால் இணைக்கப்படும். நான்கு சாய்கோடுகளின் அடிமுனைகளை இன்னொரு கோடு இணைக்கும். இவ்வாறு உச்சியில் 1, கிடைக்கோடுகளில் ஆறாறாக 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள் அமைகின்றன.

ஒரு புலியை உச்சியிலும் மற்ற இரண்டை அதற்கு அடுத்த கோட்டின் நடுப் புள்ளிகளிலும் வைத்துத் தொடங்குவது பரவலான வழக்கமாகும். ஆடுகளுக்குப் புளியங்கொட்டைகளும் புலிகளுக்குச் சற்றுப் பெரிய கற்களும் போதும். களத்தைச் சுண்ணக்கட்டியாலோ கரியாலோ வரைந்துகொள்வர். விதிகளின் நுணுக்கங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஆடுகள் தொடக்கத்தில் களத்தில் இருப்பதில்லை. முறைக்கு ஒன்றாக அவை வைக்கப்படுகின்றன. பதினைந்தும் வைக்கப்படும் வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலிகளோ முதல் முறையிலிருந்தே நகரலாம். மேய்ச்சலுக்கு வந்த மந்தை முழுதாகச் சேருமுன் புலி சுற்றத் தொடங்கிவிடுகின்றது என்னும் நிலையை இந்த ஒரு விதியே ஏற்படுத்திவிடுகின்றது. ஆட்டத்தின் முற்பகுதியில், தன்னை நெருங்கும் புலியிடமிருந்து ஓர் ஆட்டால் விலகி ஓட இயலாது. புதிதாக வைக்கப்படும் மற்றோர் ஆடு அதன் பின்புறத்தை அடைத்தால்தான் அது பிழைக்கும்.

வெட்டும் விதி

புலியும் ஆடும் கோட்டின் வழியே அடுத்துள்ள வெற்றுப் புள்ளிக்கு நகரும். புலிக்கு மட்டும் கூடுதலாக ஓர் உரிமை உண்டு. அடுத்த புள்ளியில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் அதற்கு அப்பாலுள்ள புள்ளி காலியாக இருப்பின், புலி தாவிச் சென்று அந்த ஆட்டை வெட்டலாம். வழக்கமாக ஒரு தாவலில் ஓர் ஆடே வெட்டப்படும். ஆடுகளால் புலியை வெட்ட முடியாது.

இதன்படி புலியின் வலிமை அதன் பல்லில் இல்லை. ஆட்டுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் இருக்கின்றது. தனித்து நிற்கும் ஆடு இரையாகின்றது. முதுகுக்குப் பின் மற்றோர் ஆடு நிற்குமாயின், புலி அருகில் இருந்தும் ஒன்றும் செய்ய இயலாது. மந்தை சிதறினால் அழியும் என்பதை இடையர் அனுபவத்தால் அறிவர். ஆடுபவர் அதனை முதல் சில நகர்வுகளிலேயே இழப்பின் வழி கற்றுக்கொள்கின்றார்.

எந்நிலையிலும் ஆட்டைத் தாண்ட முடியாத புள்ளிகள் 7 உள்ளன. அவை உச்சி, மேல், கீழ்க் கிடைக்கோடுகளின் நான்கு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள் ஆகியனவாகும். கோடுகள் அங்கேயே முடிந்துவிடுவதால் அப்பால் குதிக்க இடமில்லை. எனவே நன்கு பழகியவர்கள் ஆடுகளைப் பெரும்பாலும் ஓரங்களில் தொடங்கி உள்நோக்கி வைப்பர். ஓரத்திலேயே பதுங்கியிருந்தால் ஆடுகள் வெல்லவும் முடியாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

ஆடு எதுவும் வெட்டப்படாமல் பதினைந்தும் களத்தில் சேர்ந்தால், 23 புள்ளிகளில் 5 மட்டுமே காலியாக இருக்கும். அப்போது புலிகளுக்கு மூச்சு முட்டும். ஒவ்வொரு வெட்டும் ஓர் ஆட்டைக் குறைப்பதுடன் ஒரு வெற்றிடத்தையும் கூட்டுகின்றது. அவ்வெற்றிடம் அடுத்த வெட்டுக்கு வழி திறக்கின்றது. இழப்பு இழப்பைப் பெருக்கும் இவ்வமைப்பே ஆட்டத்தின் பதற்றத்துக்குக் காரணமாகும்.

புலியை அடைத்தல்

மூன்று புலிகளும் நகர இயலாதவாறு அடைபட்டால் ஆடுகள் வென்றதாகக் கொள்ளப்படும். அடைக்க இயலாத அளவுக்கு ஆடுகள் குறைந்துவிட்டால் புலிகள் வென்றதாகும். அந்த எண்ணிக்கையை ஆடுபவர்கள் முன்னரே பேசி வைத்துக்கொள்வதும் உண்டு.

அடைப்பதற்குப் புலியைச் சுற்றி நின்றால் மட்டும் போதாது. சுற்றி நிற்கும் ஆடுகளுக்குப் பின்னாலும் ஆடுகள் நிற்க வேண்டும். ஆடுகளைக் கொண்டு மட்டும் அடைப்பதாயின், நடுக் கிடைக்கோட்டின் மையப் புள்ளியில் உள்ள புலிக்கு 8 ஆடுகள் தேவை. மேல் கிடைக்கோட்டின் முனையில் உள்ள புலிக்கு 4 போதும். ஆகவே புலியை முனைக்கு இழுப்பதே ஆட்டுக்காரரின் முதன்மையான உத்தியாகும். தாவும் புலி எங்கே இறங்கும் என்பது உறுதியாகத் தெரியுமாதலால், முனைக்கு அடுத்த புள்ளியில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்துப் புலியை மூலைக்கு வரவழைப்பதும் வழக்கம். எந்த ஆட்டை, எப்போது இழப்பது என்னும் முடிவு இவ்வாட்டத்தின் மிகக் கடினமான இடமாகும்.

புதுக்கோட்டையின் மேய்ச்சல் சூழல்

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களையும் மானாவாரி நிலங்களையும் கொண்ட வறண்ட பகுதியாகும். இத்தகைய நிலத்தில் ஆடு வளர்ப்பு வேளாண்மைக்குத் துணையான தொழிலாக விளங்குகின்றது. அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைத்து வைக்கும் 'கிடை போடுதல்' இப்பகுதி உழவர்க்கு நன்கு அறிமுகமானது. மழை பொய்த்த ஆண்டிலும் விற்றுப் பிழைக்கக்கூடிய சொத்து ஆடு என்பதால், மந்தையில் ஒன்று குறைவது சிறு இழப்பன்று.

கிடையில் மனிதர் ஆடுகளைச் சுற்றி அடைப்பு அமைக்கின்றனர். ஆட்டத்திலோ ஆடுகளே அடைப்பாகிப் புலியை உள்ளே வைக்கின்றன. இடையர்க்குத் தெரிந்த செயலைத் தலைகீழாக்கியதில்தான் இவ்விளையாட்டின் சுவை உள்ளது எனலாம். ஆடுகளை நகர்த்துபவரை 'ஆட்டுக்காரர்' என அழைக்கும்போது, களத்தில் காயாக இல்லாத இடையரின் இடத்தில் அவர் அமர்ந்துவிடுகின்றார்.

வீரன் இல்லாத கதை

கொங்கு நாட்டில் புலிகுத்திக்கற்கள் எனப்படும் நடுகற்கள் காணப்படுகின்றன. புலியுடன் பொருத வீரனின் நினைவாக எழுப்பப்பட்ட இவற்றில், அவன் புலியைக் குத்தும் காட்சி செதுக்கப்பட்டிருக்கும். அக்கற்கள் கூறுவது தனியொருவனின் கதை. ஆடு புலி ஆட்டத்தில் அத்தகைய வீரனுக்கு இடமில்லை. பதினைந்து ஆடுகளும் ஒரே தன்மையன. எதற்கும் தனிப் பெயரோ தனி ஆற்றலோ கிடையாது. இறுதியில் புலி கொல்லப்படுவதுமில்லை. நாளிதழ்களில் சம வலிமையுள்ள இரு கட்சிகளின் பேரத்தையும் 'ஆடு புலி ஆட்டம்' என எழுதுவதுண்டு. இருபக்கமும் சமமற்றது என்பதே ஆட்டத்தின் அடிப்படை என்பதால் அவ்வழக்கு அவ்வளவு பொருத்தமானதன்று.

பிற நாடுகளில்

நேபாளத்தின் பாக்சால் என்னும் ஆட்டத்தில் 25 புள்ளிகளில் 4 புலிகளும் 20 ஆடுகளும் மோதுகின்றன. புலிகள் நான்கு மூலைகளில் தொடங்கி, 5 ஆடுகளை வெட்டினால் வெல்லும். ஐரோப்பாவில் ஒரு நரியும் வாத்துக் கூட்டமும் மோதும் ஆட்டம் வழக்கில் இருந்தது. விலங்குகள் மாறினாலும், தாவி வெட்டுதல், வெட்டாமல் அடைத்தல் ஆகிய இரண்டும் மாறவில்லை.

கணினி விளையாட்டுகளுடன் ஒப்பீடு

2007இல் விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங், பயோஷாக் என்னும் நிகழ்பட விளையாட்டைத் திறனாய்ந்தபோது 'லூடோநேரட்டிவ் டிசோனன்ஸ்' என்னும் தொடரைக் கையாண்டார். ஆட்டத்துக்கும் கதைக்கும் இடையிலான முரண் என்பது இதன் பொருள். பயோஷாக்கின் ஆட்ட விதிகள் ஆடுபவரைத் தன்னலத்தின் வழி செல்ல விடுகின்றன. கதையோ பிறர்க்கு உதவுமாறு கட்டாயப்படுத்துகின்றது என்பது அவரது வாதமாகும். ஆடு புலி ஆட்டத்தில் இம்முரண் எழ வாய்ப்பில்லை. புலியை ஆடுபவர் இரைதேடியாக நடந்துகொள்ளாமல் வெல்ல முடியாது. ஆடுகளை ஆடுபவர் மந்தையைச் சேர்த்து வைக்காமல் வெல்ல முடியாது.

இவ்வாட்டத்தின் கைப்பேசி வடிவங்களும் தற்போது கிடைக்கின்றன. கணினியை எதிர்த்து ஆடும்போது முன்னோட்டக் காட்சிகள் தேவைப்படுவதில்லை; முதல் ஆடு வெட்டப்பட்டதும் கதை தொடங்கிவிடுகின்றது.