அமெரிக்கத் தேர்தல் ஜோசியம்

அமெரிக்க ஜனாதிபதியின் நாலாண்டுப் பதவிக் காலத்தின் நடுவே ஒரு பொதுத் தேர்தல் வருகிறது. பிரதிநிதி சபையின் 435 ஸ்தானங்களுக்கும், ஸெனட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கும், பல மாகாணங்களின் கவர்னர் பதவிகளுக்கும் அப்போது போட்டி நடக்கும்.

இதற்கு ஜோசியம் கூற ஒரு பழைய சூத்திரம் உண்டு: ஜனாதிபதியின் கட்சி பிரதிநிதி சபையில் நஷ்டமடையும். 2010-ல் ஒபாமாவின் கட்சி 63 ஸ்தானங்களை இழந்தது. ஆனால் 1934, 1998, 2002 ஆண்டுகளில் சூத்திரம் பொய்த்தது. 2022-லோ, எதிர்க்கட்சி வெள்ளமெனப் பெருகும் என்றார்கள் பலர். கருக்கலைப்பு உரிமையைப் பற்றிய சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு ஜனங்களைக் கிளர்ச்சியுறச் செய்திருந்தது. பைடனின் கட்சி இழந்தவை ஒன்பதே ஸ்தானங்கள். ஸெனட்டில் ஒன்று கூடவும் கிடைத்தது!

ஜோசியம் கேட்பதில் குற்றமில்லை. அதை நம்பி வோட்டுப் போடாமல் வீட்டிலிருந்து விடுவதுதான் ஆபத்து என்போம் நாம்.