குறைந்த செலவில் இசைத்தட்டு யந்திரமும் ஸ்பீக்கரும் தெரிந்தெடுக்கும் முறை

தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் இசைத்தட்டுக்கள் கட்டுக்கட்டாகக் கிடப்பது இன்றும் உண்டு. நாடக மேடைப் பாட்டுக்கள், கர்நாடக சங்கீதம், நாதஸ்வரம், ஆரம்ப காலத்துப் பேசும்படப் பாட்டுக்கள் ஆகியவை அவற்றில் அடங்கியிருக்கும். அவற்றுள் பல பிற்காலத்தில் மறுபடி வெளியிடப்படவில்லை. இத்தகைய தட்டுக்கள் ஒரு சங்கத்தின் வாசகசாலைக்கு வந்து சேருமாயின், அவற்றைக் கேட்பதற்கு எந்த யந்திரத்தை வாங்குவது என்ற கேள்வி உடனே எழும். கையிருப்பு சொற்பமாக இருக்கையில், கடையில் கிடைப்பவற்றுள் மிக மலிவானதை வாங்கிவிடலாம் என்று அங்கத்தினர்கள் எண்ணுவது இயல்பே.

ஆயினும் ஒரு விஷயத்தை முதலில் மனத்திற்கொள்ளுதல் அவசியம். இசைத்தட்டு என்பது ஊசி உராய்வதனால் ஒலிக்கும் பொருள். ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் அது சிறிதளவாவது தேய்கிறது. நல்ல ஊசி தகுந்த பாரத்துடன் அமைந்திருந்தால் தேய்வு மிகச் சொற்பம். பொருந்தாத ஊசி அதிக பாரத்துடன் அழுந்தினால் தட்டு விரைவில் பாழாகிவிடும். ஆகவே, தகாத யந்திரத்தினால் விளையும் நஷ்டம் அதற்குக் கொடுத்த பணத்தோடு நிற்பதில்லை. யந்திரம் கெட்டால் வேறொன்று வாங்கலாம். தட்டு கெட்டால் அதிலுள்ள பாட்டைத் திரும்பப் பெற வழியில்லை. சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே செய்யலாகாது என்பதை இந்த ஒரு காரணத்தைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

தட்டுக்களின் வகையை அறிதல்

கடைக்குப் போகுமுன் கையிலுள்ள தட்டுக்களைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். அவை பெரும்பாலும் இருவகைப்படும்.

முதலாவது, நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு. இந்தியாவில் வியாபாரத்திற்கான ஒலிப்பதிவு 1902-ஆம் வருஷம் கல்கத்தாவில் தொடங்கியது முதல், 1960-களிலும் கூட இவ்வகைத் தட்டுக்கள் இந்நாட்டில் வெளிவந்தன. இவை அரக்கையும் கல்தூளையும் முக்கியமாகக் கலந்து செய்யப்பட்டவை. உலகெங்கும் இசைத்தட்டுக்களுக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி சோட்டாநாகபுரி முதலிய இந்தியக் காட்டுப் பிரதேசங்களில் சேகரிக்கப்பட்டதேயாகும். இத்தட்டுக்கள் கனமானவை, கீழே விழுந்தால் உடைந்துவிடும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம் பாடும்.

இரண்டாவது, வினைல் என்னும் பொருளாலான தட்டு. நிமிஷத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட நேரத் தட்டை அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தார் 1948-லும், 45 சுற்றுச் சுழலும் சிறு தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்தார் 1949-லும் வெளியிட்டனர். இவை இலேசாக வளையும், எளிதில் உடையமாட்டா. பன்னிரண்டங்குலத் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிஷத்திற்குக் குறையாமல் பாடக்கூடும். இவற்றின் தடம் முந்திய வகையின் தடத்தைவிட மிகவும் குறுகியது.

கையிலுள்ளவை அனைத்தும் வினைல் தட்டுக்களாயின் 33⅓, 45 ஆகிய இரு வேகங்களுள்ள யந்திரமே போதும். 78 சுற்றுத் தட்டுக்களும் இருக்குமாயின் மூன்று வேகங்களும் உள்ள யந்திரத்தையே வாங்க வேண்டும். இக்காலத்து மலிவான யந்திரங்கள் பலவற்றில் 78 வேகம் இல்லையாதலால் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நலம்.

ஊசியும் அதன் பாரமும்

யந்திரத்தில் எல்லாவற்றிலும் சிறியது ஊசி முனை. எல்லாவற்றிலும் முக்கியமானதும் அதுவே. 78 சுற்றுத் தட்டுக்கு வேண்டிய ஊசி முனையின் ஆரம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் சுமார் 3 பங்கு. வினைல் தட்டுக்கு வேண்டியது அதில் 1 பங்கு அல்லது அதற்கும் குறைவு. வண்டித்தடத்தில் செல்லும் சக்கரத்தைக்கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். அகன்ற தடத்தில் மெல்லிய சக்கரம் இறங்கினால் அது இருபக்கமும் தாங்குதலின்றி அடியிலுள்ள புழுதியில் உழலும். குறுகிய தடத்தில் தடித்த சக்கரத்தை ஓட்டினால் அது உள்ளே இறங்காமல் தடத்தின் ஓரங்களை இடித்துத் தள்ளும். அவ்வாறே, வினைல் ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஒலித்தால் இரைச்சலே மிகுதியாகக் கேட்கும். 78 சுற்று ஊசியை வினைல் தட்டின்மேல் வைத்தால் தட்டே கெடும். இரண்டு வகைக்கும் இரண்டு ஊசிகள் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுவதற்கு எளிதாக அமைந்த யந்திரத்தையே தெரிந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது பாரம். ஊசி முனை தடத்தைத் தொடும் இடம் மிகமிகச் சிறிதாதலால், இரண்டு கிராம் பாரமும் அவ்விடத்தில் பேரழுத்தமாகிறது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் வினைல் தட்டின்மேல் பெரும்பாலும் 1½ முதல் 3½ கிராம் வரை பாரம் வைக்கும். கைப்பெட்டி வடிவில் வரும் மிக மலிவான யந்திரங்களில் பெரும்பாலும் செராமிக் வகைக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதன் பாரம் 5 கிராமும் அதற்கு மேலும் போகக்கூடும். அதைக் குறைக்கவும் வழியிராது. ஒரு முறை ஒலித்த மாத்திரத்தில் அது தட்டை அழித்துவிடும் என்பதில்லை. ஆனால் பல முறை ஒலிக்குந்தோறும் உச்ச ஸ்வரங்களின் தெளிவு குன்றும்.

பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்கலாகாது. அதன் தலைப்பாகம் 100 கிராமுக்கு மேற்பட்ட பாரமுள்ளது. எஃகு ஊசியுடன் கூடிய அது வினைல் தடத்தை ஒரே முறையில் உழுதுவிடும்.

யந்திரத்தைப் பரீட்சித்தல்

புது யந்திரம் வாங்குவோர் நான்கு விஷயங்களைக் கேட்டறிதல் வேண்டும்: கார்ட்ரிட்ஜ் காந்த வகையா, ஊசி தனியாக விலைக்குக் கிடைக்குமா, ஊசிக் கையின் பின்புறம் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் எடை உண்டா, வேண்டிய வேகங்கள் உண்டா. உதாரணமாக, ஜப்பானிய ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தாரின் ஏடி-எல்பி60எக்ஸ் என்னும் சிறு யந்திரத்தில் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் உண்டு, ஊசியை மாற்றலாம், விசையை அழுத்தினால் ஊசிக் கை தானே சென்று அமரும். ஆனால் பாரத்தை மாற்ற இயலாது. 78 வேகமும் இல்லை. வினைல் மாத்திரம் உடையவர்களுக்கு இது போதுமானது. அதே நிறுவனத்தாரின் ஏடி-எல்பி120எக்ஸ் விலை கூடியது. மூன்று வேகங்களும் பாரத்தை மாற்றும் அமைப்பும் உடையது. அதன் கார்ட்ரிட்ஜுக்கு 78 சுற்று ஊசியும் தனியாகக் கிடைக்கும். இருவகைத் தட்டும் உடைய சங்கத்திற்கு இத்தன்மையானதே பொருந்தும்.

உபயோகித்த பழைய யந்திரத்தை வாங்குவதில் செலவு குறையலாம். ஆனால் பரீட்சை அவசியம். வேகத்தைச் சோதிக்க வேறு கருவி வேண்டுவதில்லை. சுழலும் மேடையின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால் போதும். 33⅓ வேகத்தில் சரியாக 3 நிமிஷத்திற்கு 100 சுற்று வரவேண்டும். பெல்ட்டினால் சுழலும் யந்திரமாயின் ரப்பர் பெல்ட் தளர்ந்தோ வெடித்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் புதிதாக மாற்றுவது சொற்பச் செலவே. அயல்நாட்டிலிருந்து வந்த பழைய யந்திரத்தில் மின்சார விவரம் எழுதிய தகட்டைப் படித்தல் வேண்டும். இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சைக்கிள். அமெரிக்க மின்சாரத்திற்கென்று அமைந்த பழைய மோட்டாருக்கு வோல்ட்டை மாத்திரம் மாற்றிக் கொடுத்தால், சைக்கிளைப் பின்பற்றிச் சுழலும் வகையாயின், அது ஆறில் ஐந்து பங்கு வேகமே சுழலும். பாட்டு இழுத்துக்கொண்டு ஒலிக்கும்.

ஊசி தேய்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிதல் அரிது. ஆகையால் பழைய யந்திரத்தை வாங்கியவுடன் புது ஊசி போட்டுக்கொள்வதே க்ஷேமம். புது ஊசிக்கான செலவையும் சேர்த்தே யந்திரத்தின் விலையை மதிப்பிட வேண்டும்.

இடையில் வேண்டும் உறுப்பு

காந்த வகைக் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சுமார் நான்கைந்து பங்கே. மேலும், தட்டைப் பதியும்போது தடத்தில் இடம் மிச்சப்படுவதற்காகத் தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்தும், இரைச்சலை அடக்குவதற்காக உச்ச ஸ்வரங்களை உயர்த்தியும் பதிகிறார்கள். இவ்விரண்டையும் நேர்செய்து மின்சாரத்தைப் பெருக்கித் தருவது போனோ பிரீஆம்ப் என்னும் சிறு உறுப்பு. சில யந்திரங்களில் இது உள்ளேயே அமைந்திருக்கும். சில ஆம்ப்ளிபயர்களிலும் இருக்கும். இரண்டிலும் இல்லையானால் தனியே வாங்க வேண்டும். இதை அறியாமல் யந்திரத்தை நேரே ஸ்பீக்கரில் இணைத்துவிட்டு, ஒலி மெல்லியதாகவும் கூர்மையாகவும் வருகிறதென்று யந்திரத்தைக் குறை கூறுவோர் உண்டு. இரண்டிலும் இருக்குமாயின் ஒன்றை மாத்திரமே உபயோகிக்க வேண்டும்.

ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் விஷயத்தில் சிக்கனம் செய்யலாம். மட்டமான ஸ்பீக்கரினால் கேட்கும் இன்பம் குறையுமேயன்றித் தட்டுக்குத் தேய்வு இல்லை. பிற்பாடு பணம் சேர்ந்தபொழுது மாற்றிக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிபயரை உள்ளேயே கொண்ட ஸ்பீக்கர் ஜோடி ஒரு வகை. தனி ஆம்ப்ளிபயர் வேண்டுவது மற்றொரு வகை. முதல் வகை செலவிலும் இணைப்பிலும் எளியது. சங்கத்தாரிடம் நல்ல நிலையில் பழைய ஆம்ப்ளிபயர் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது வகை இலாபகரமாக இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள அறைக்கு நாலைந்து அங்குல ஸ்பீக்கர் ஜோடி போதுமானது. வாட் எண்ணிக்கை ஒன்றையே கண்டு மயங்கலாகாது. ஒரு வாட் மின்சாரத்திற்கு எவ்வளவு ஒலி எழும்பும் என்பதை டெசிபெல் கணக்கில் குறித்திருப்பார்கள். அதில் 3 டெசிபெல் கூடிய ஸ்பீக்கர், பாதி வாட்டிலேயே அதே ஒலியைத் தரும்.

வைக்கும் இடம் விலையைப்போலவே முக்கியம். யந்திரத்தையும் ஸ்பீக்கரையும் ஒரே மேஜையின்மேல் வைக்கலாகாது. ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கு ஏறி, ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்குச் சென்று ஊளையிடும் சப்தமாக முடியும். சுவரில் உறுதியாகப் பதித்த கடப்பைக்கல்லின்மேல் யந்திரத்தை வைத்து ரசமட்டத்தினால் சமம் பார்த்துக்கொள்வது உத்தமம். ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் ஒட்டி வைக்காமல் சற்று முன்னே தள்ளி, அமர்ந்திருப்பவரின் காது மட்டத்திற்கு நிறுத்த வேண்டும்.

பணத்தைப் பங்கிடுதல்

கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக வைத்துக்கொண்டால், ஊசி, கார்ட்ரிட்ஜ் உட்பட யந்திரத்திற்கு ஆறு பங்கும், ஸ்பீக்கருக்கு மூன்று பங்கும், மாற்று ஊசி, தூரிகை, காகித உறைகள் ஆகியவற்றிற்கு ஒரு பங்கும் ஒதுக்குவது தக்க ஏற்பாடாகும். தொகை போதாவிடில் முதலில் யந்திரத்தை மாத்திரம் வாங்கி, ஏற்கெனவே உள்ள ரேடியோ அல்லது தொலைக்காட்சி ஸ்பீக்கரில் இணைக்க வழியுண்டா என்று பார்க்கலாம். தனிக் குடும்பத்திற்கு இச்செலவு பாரமாயிருக்கும். பல வீடுகளில் பத்தும் இருபதுமாகச் சிதறிக் கிடக்கும் தட்டுக்களுக்குச் சங்கத்தின் பொது யந்திரம் ஒன்று போதும்.

பாதுகாக்கும் முறை

பொது யந்திரத்திற்குப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தல் வேண்டும். ஊசி எத்தனை மணி நேரம் உபயோகமாயிற்று என்று அவர் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வரவேண்டும். வைர ஊசியும் சில நூறு மணி நேரமே உழைக்கும்; தேய்ந்த ஊசி புது ஊசியைவிட அதிகமாகத் தட்டை அறுக்கும். ஒவ்வொரு முறையும் தட்டின் தூசியைத் தூரிகையால் நீக்க வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டை ஸ்பிரிட்டினால் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். சுத்தமான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து உடனே உலர்த்தலாம். நடுவிலுள்ள காகிதச் சீட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தட்டுக்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்தி வைத்தல் முறை.

கம்ப்யூட்டரில் இணைக்கும் வசதி சில யந்திரங்களில் உண்டு. அவ்வசதி இருக்குமாயின், அரிய தட்டைத் துடைத்து, தகுந்த ஊசியுடன் ஒரே முறை ஒலித்துப் பிரதி செய்துகொண்டு, பிரதியையே தினந்தோறும் கேட்கலாம். தட்டை விசேஷ நாட்களில் மாத்திரம் எடுத்தால் போதும். இவ்வாறு செய்யும் சங்கத்தார் தங்கள் அங்கத்தினர்களுக்குச் சங்கீதத்தை அளிப்பதோடு, அவர்கள் பிள்ளைகளும் அதே தட்டைக் கேட்பதற்கு வழி செய்தவராவர்.