திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளில் ஆனர்ஸ் கல்வி: பயன்களும் வாய்ப்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

இளநிலையில் ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்க வகைசெய்த ஆனர்ஸ் எனும் சிறப்புநிலைப் படிப்பு, மாணவரை ஆய்வுக்கு ஆயத்தப்படுத்தியது. திருச்சிராப்பள்ளியின் கல்வி வரலாற்றை முன்வைத்து அதன் பயன்களையும் இன்றைய வாய்ப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆனர்ஸ், தூய வளனார் கல்லூரி, நான்காண்டு இளநிலை, தன்னாட்சி, ஆய்வுத்திட்டம்.

முன்னுரை

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பெற்று 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக இணைப்பின்கீழ் ஆனர்ஸ் வகுப்புகளை நடத்திய கல்லூரிகளுள் ஒன்றாகும்.

பழைய ஆனர்ஸ் முறை

அன்று இண்டர்மீடியட் முடித்தோர்முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று, ஈராண்டுப் பொதுநிலைப் பட்டம். மற்றொன்று, மூன்றாண்டு ஆனர்ஸ். பொதுநிலையினர் முதுநிலைப் பட்டத்திற்கு மேலும் ஈராண்டு பயில வேண்டியிருந்தது. ஆனர்ஸ் பட்டமோ முதுநிலைக்கு இணையாகக் கருதப்பெற்றமையால், மாணவருக்கு ஓராண்டு மிச்சமாயிற்று. மூன்றாண்டு இளநிலை பொதுவழக்கானபின் இம்முறை மறைந்தது.

பயன்கள்

இம்முறையின் முதன்மைப் பயன் பாட ஆழமாகும். ஜி. என். இராமச்சந்திரன் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் பயின்றார். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்த அவர், சி. வி. இராமனின் வழிகாட்டலில் இயற்பியலுக்கே திரும்பினார். 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்மொழிந்தார்.

எனினும் ஆனர்ஸ் அனைவருக்கும் ஏற்றது எனல் இயலாது. இதே கல்லூரியில் 1950களின் முற்பகுதியில் இயற்பியல் பயின்ற அப்துல் கலாமும், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவும் இளநிலைக்குப்பின் பொறியியலுக்குச் சென்றனர். தம் பாடத்தைத் தெளிந்து தேர்ந்தோருக்கே ஆனர்ஸ் மிகுபயன் தருகிறது.

இன்றைய வாய்ப்புகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வரைவமைப்பு, மூன்றாண்டு இளநிலைக்கு 120 மதிப்புப்புள்ளிகளையும் நான்காண்டு ஆனர்ஸ் பட்டத்திற்கு 160 மதிப்புப்புள்ளிகளையும் வரையறுக்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றோர், நான்காம் ஆண்டில் ஆய்வுத்திட்டம் மேற்கொண்டு ‘ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்’ பட்டம் பெறலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றோர் முதுநிலையின்றியே முனைவர்பட்டச் சேர்க்கைக்குத் தகுதி பெறுகின்றனர்.

தமிழக அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆகவே மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலையே பொதுவழக்காக உள்ளது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு பொருட்சுமையாகும் என்பதும், 75 விழுக்காடு எனும் வரம்பு தாமதமாக மலரும் மாணவரை விலக்கிவிடும் என்பதும் புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் பிற மாநில மாணவர் நான்காண்டில் எட்டும் ஆய்வு வாயிலை, இங்குள்ள மாணவர் ஐந்தாண்டில் எட்டும் நிலை உருவாகிறது.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பங்கு

இவ்விடைவெளியைக் குறைக்கும் வாய்ப்பு தன்னாட்சிக் கல்லூரிகளிடம் உள்ளது. 1978இல் தன்னாட்சி பெற்ற தூய வளனார் கல்லூரி போன்றவை தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்ள இயலும். மூன்றாண்டுக்குள்ளேயே விருப்பமுள்ளோர்க்குக் கூடுதல் மதிப்புப்புள்ளிப் பாடங்கள், சிறுகுழுக் கலந்துரையாடல், இறுதியாண்டில் வழிகாட்டியுடன் ஆய்வேடு ஆகியவற்றை அமைக்கலாம். சேர்க்கைக்கு மதிப்பெண்ணோடு ஆர்வத்தையும் கருதுவது தமிழ்வழி மாணவருக்கும் இடமளிக்கும். இதனால் காலம் சுருங்காது. ஆயினும் ஆய்வுப் பயிற்சி முன்னரே கிட்டும்.

முடிவுரை

ஆனர்ஸ் கல்வியின் பயன் பட்டப்பெயரில் இல்லை. ஒரு பாடத்தோடு தங்கியிருக்கக் கிடைக்கும் காலத்திலும் ஆசிரியரின் அணுக்கத்திலுமே உள்ளது. ஆண்டுகளின் எண்ணிக்கை குறித்த விவாதம் முடியும்வரை இவ்விரண்டும் காத்திருக்க வேண்டியதில்லை.