பல்லுக்கு ஒரு சிட்டிகை சிமெண்ட்

அரியலூர்க்காரருக்குச் சிமெண்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்குள் வளர்ந்தவர் அவர். தளம் போட்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், ஒரு வாரமாவது ஈரம் காயக் கூடாது என்பது அங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அப்படிப்பட்டவரிடம் பல் மருத்துவர், "சொத்தையைச் சிமெண்ட் வச்சு அடைச்சிடலாம்" என்றால், ஊர்ச் சரக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் இது தண்ணீர் பட்டால் கெட்டுப்போகிற சிமெண்ட்.

முழுப் பெயர் கிளாஸ் அயனோமர் சிமெண்ட். மருத்துவர்கள் ஜி.ஐ.சி. என்பார்கள். சிலிக்கா, அலுமினா, கால்சியம் ப்ளூரைடு இவற்றை ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிக் கண்ணாடியாக்கி, சட்டென்று குளிரவைத்து, மாவாக அரைத்தால் பொடி தயார். கலக்குகிற திரவம் பாலிஅக்ரிலிக் அமிலம். லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1969-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு இருந்த சிலிகேட் சிமெண்ட் ப்ளூரைடு தந்தது, ஆனால் பல்லில் ஒட்டாது, எச்சிலில் மெல்லக் கரையும். துத்தநாகப் பாலிகார்பாக்சிலேட் ஒட்டியது, ஆனால் வெளுத்துத் தெரியும். முன்னதன் கண்ணாடிக்கும் பின்னதன் அமிலத்துக்கும் கல்யாணம் செய்துவைத்ததுதான் அவர்களுடைய வேலை.

கலந்ததும் அமிலம் கண்ணாடித் துகள்களின் தோலை மட்டும் அரிக்கிறது. உள்ளிருந்து முதலில் கால்சியம் வெளிவந்து, நீண்ட அமிலச் சங்கிலிகளைப் பின்னிப்போடுகிறது. சில நிமிடங்களில் கலவை இறுகுகிறது. அலுமினியம் தாமதமாக வந்து சேர்ந்து, ஒரு நாளுக்கு மேலும் முடிச்சுகளை இறுக்கிக்கொண்டே இருக்கும். அரிக்கப்படாத துகள்களின் நடுப்பகுதி கான்கிரீட்டில் ஜல்லி போல உள்ளேயே தங்கிவிடும். தொடக்கத்தில் எச்சில் பட்டால் முடிச்சுப் போட வேண்டிய கால்சியமும் அலுமினியமும் கழுவப்பட்டு, மேற்பரப்பு சுண்ணாம்பு போல உதிரும். ஒரேயடியாகக் காய்ந்தாலோ வெடிப்பு விழும். அதனால்தான் அடைத்த கையோடு மேலே வார்னிஷோ வாஸலினோ தடவுகிறார்கள்.

பல்லும் கால்சியக் கனிமம்தானே. அதே அமிலச் சங்கிலி பல்லின் கால்சியத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெள்ளி அடைப்புக்கு அது பிடித்து நிற்கும்படி நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்தது. இதற்கு அந்தக் குடைச்சல் தேவையில்லை. ஒரே நிபந்தனை, கலவை பளபளப்பாக இருக்கும்போதே பல்லில் ஏற வேண்டும். பளபளப்பு மங்கினால், ஒட்டுவதற்கு அமிலம் மிச்சமில்லை என்று அர்த்தம். இறுகத் தொடங்கிய கலவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறுகிற கொத்தனார் சாமர்த்தியம் இங்கே செல்லாது.

இனி ப்ளூரைடு. தருமபுரிப் பக்கம் அது கிணற்றுத் தண்ணீரின் சாபம். அளவு மிஞ்சினால் பல்லில் கறை, எலும்பில் கோளாறு. இந்தச் சிமெண்டிலிருந்து கசிவதோ மிகக் கொஞ்சம். அது சுற்றியுள்ள பல்லில் சேர்ந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத ப்ளூரோஅபடைட் ஆக உதவுகிறது. பற்பசையில் உள்ள ப்ளூரைடையும் உறிஞ்சிவைத்துப் பிறகு விடும். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் சுறாப் பற்கள் கல்லாகிக் கிடக்கின்றன, சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் அங்கே கடல் இருந்தபோது உதிர்ந்தவை. சுறாவுக்குப் பல்லின் மேற்பூச்சே ப்ளூரோஅபடைட்தான். நாம் சிமெண்ட் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது அதற்குப் பிறவிச் சொத்து.

குறையும் உண்டு. மெல்லும் பல்லில் பெரிய பள்ளத்தை இதைக்கொண்டு அடைத்தால் தேயும், ஓரம் உடையும். முறுக்குக் கடிக்கிற இடத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கரியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஈறோரம் பள்ளமான பெரியவர்களின் பற்களில்தான் இதன் மதிப்பு தெரியும். அங்கே கடியின் பாரம் குறைவு, ஒட்டினால் போதும்.

இதற்கு மின்சாரம் வேண்டாம், ஒளி விளக்கு வேண்டாம். 1980-களில் தான்சானியாவில் இயந்திரம் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துச் சிமெண்டை விரலால் அழுத்தி அடைக்கும் முறை உருவானது. கரண்ட் போனாலும் கிராமத்து முகாமில் வேலை நிற்காது. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சிமெண்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

குழந்தைகளின் பால் பல்லுக்கு இது கச்சிதம். கடைவாய்ப் பால் பல் எப்படியும் 10, 12 வயதில் விழுந்துவிடும். அதுவரை தாங்கினால் போதும். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறியும்போது சிமெண்டும் சேர்ந்தே போகும். அரியலூரில் இப்போது அந்தக் கூரையும் பெரும்பாலும் சிமெண்ட் தளம்தான்.