மங்கிய விளக்கின் நடுக்கம்

தண்டவாளத்தில் ஓடும் மின்சாரமே கட்டளையையும் சுமந்து செல்லும் டி.சி.சி. முறையில், மாதிரி ரயில் எஞ்சினின் விளக்கை முழு ஒளியில் எரியவிடுவதில் சிக்கல் ஏதும் இல்லை. நிஜ எஞ்சினுக்கு ஒப்பாக அதன் ஒளியைக் குறைக்க முற்படும்போதுதான், அதுவரை சீராக எரிந்த விளக்கு நடுங்கத் தொடங்குகிறது. பெரும்பாலோர் இதற்குத் தண்டவாள அழுக்கையே காரணமாகக் கருதி, துணியும் ஸ்பிரிட்டுமாக வாரக்கணக்கில் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அழுக்கினால் வரும் சிமிட்டல் எஞ்சின் ஓடும்போது, ஒழுங்கின்றி வரும். எஞ்சின் அசையாமல் நிற்கும்போதும் தொடர்ந்து, ஒளியளவை முழுமைக்கு உயர்த்தியதும் மறைந்தோ வெகுவாகக் குறைந்தோ போகும் நடுக்கத்துக்கு வேர் வேறிடத்தில் இருக்கிறது.

டி.சி.சி. மின்சாரம் கணந்தோறும் திசை மாறுவது. கட்டளையில் ‘1’ என்ற இலக்கத்துக்கு 58 மைக்ரோநொடி ஒரு திசையிலும் 58 மைக்ரோநொடி எதிர்த்திசையிலும் மின்சாரம் பாய்கிறது. ‘0’ இலக்கத்துக்கு அந்த அரைப்பகுதி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 மைக்ரோநொடியாக நீள்கிறது. எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர், அதாவது கட்டளையைப் படித்து நிறைவேற்றும் சிறு மின்சுற்றுப் பலகை, இதை ஒருதிசை மின்சாரமாக்கி மோட்டாருக்கும் விளக்குக்கும் தருகிறது. ஒளியைக் குறைக்க அது மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. இழை பல்பு சூடு ஆறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுவதால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ள, எல்.இ.டி.யோ ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆயினும் இந்தத் துடிப்பு மட்டும் நடுக்கத்தை உண்டாக்காது. விளக்கின் ஒரு முனை டீகோடரின் வெள்ளை அல்லது மஞ்சள் கம்பியிலும், மறுமுனை பொது நேர்மின் கம்பியான நீலத்திலும் இணைவதே முறை. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனத்தின் பழைய எஞ்சின்கள் பலவற்றில், மறுமுனை எஞ்சினின் உலோகச் சட்டகத்தோடு, அதன் வழியாகத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். அவ்வாறு இணைந்த விளக்கு மின்சாரம் ஒரு திசையில் பாயும்போது மட்டுமே எரியும். எதிர்த்திசைக்கு மாறும்போது அணைந்துவிடும். தண்டவாளம் ஒரு தாளத்திலும் டீகோடர் வேறொரு தாளத்திலும் விட்டுவிட்டு மின்சாரம் தர, இரண்டும் கூடிவரும் கணங்களில் மட்டும் ஒளி பிறக்கிறது. தாளங்கள் ஒன்றையொன்று மெல்ல விலகிச் சென்று மீண்டும் சேரும் இடைவெளியைத்தான் கண் நடுக்கமாகக் காண்கிறது.

ஆகவே சரியான தீர்வு, விளக்கைச் சட்டகத்திலிருந்து பிரித்து நீலக் கம்பியில் இணைப்பதே. பிரித்த பின் விளக்கு முனைக்கும் சட்டகத்துக்கும் இடையே தொடர்பு அறவே இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தண்டவாளத்தில் மின்சாரம் இருக்கையில் நீலக் கம்பி சட்டகத்தைத் தொட்டால் டீகோடரே கருகிவிடலாம். பல்பின் பிடிப்பு சட்டகத்தோடு ஒரே வார்ப்பாக இருந்து பிரிக்க வழியில்லாதபோது, பல்புக்குப் பதில் எல்.இ.டி. பொருத்தி, டீகோடரின் ஒளிக்குறைப்பை முழுமைக்கு வைத்துவிட்டு, மங்கச் செய்யும் வேலையை மின்தடையிடம் ஒப்படைக்கலாம். 14 வோல்ட்டில் 1,000 ஓம் மின்தடை வழியே வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 11 மில்லிஆம்பியர் கிடைக்குமென்றால், 10,000 ஓம் போட்டால் அது 1 மில்லிஆம்பியரை ஒட்டி நின்றுவிடும். அணைத்து ஏற்றும் இரண்டு கைகளில் ஒன்று விலகிவிடுவதால், தாளப் பிணக்குக்கே இடமில்லாமல் போகிறது.

மோட்டோரோலா என்னும் பழைய கட்டளை மொழியையும் டி.சி.சி.யோடு கலந்து அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். அம்மொழியின் இரு கட்டளைகளுக்கு நடுவே தண்டவாளம் சில மில்லிநொடிகள் ஒரே திசையில் நின்றுவிடுவதால், சட்டகத்தோடு இணைந்த விளக்கு முழு ஒளியிலும்கூட நடுங்கலாம். அம்மொழி மட்டுமே அறிந்த எஞ்சின் எதுவும் தளத்தில் இல்லாதவர்கள், சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் நிலையத்தின் அமைப்பில் அதை அணைத்துப் பார்ப்பது நல்லது.

(தொடரும்)