ஹெவி லைசென்ஸ் வந்தாச்சு, எந்த ஓனரிடம் சேர்வது?

வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் பிறந்த கூரம் கிராமத்திலிருந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை பக்கம்தான். அதில் கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. சற்று விலகி ஒரகடம். கார், டயர், லாரி எல்லாமே அங்கே தயாராகின்றன. ஆகவே இந்த வட்டாரத்துப் பையனுக்கு ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தால் வேலைக்குப் பஞ்சமில்லை. ‘மாசம் எவ்வளவு தருவீங்க?’ என்ற ஒரே கேள்வியோடு பலர் சேர்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தச் சம்பளத்தை ஓனர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் வண்டி ஓட்டும் விதமே அமையும்.

டிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிரஷர்களில் ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் வண்டிகளில் நடைக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். நடை கூடினால் காசு கூடும். கால் தானாகவே ஆக்சிலேட்டரை அழுத்தும். கூடவே அதிக பாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. ஏற்றச் சொன்னவரோடு ஓட்டியவரும் சட்டத்தின் முன் பொறுப்பு. லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் முடியும். ஓனருக்கு வேறு டிரைவர் கிடைப்பார், உங்களுக்கு வேறு லைசென்ஸ் கிடைக்காது. முதல் வருஷத்தில் டிப்பர் வேண்டாம் என்பேன்.

கன்டெய்னர் ட்ரெய்லரில் வேறு தொல்லை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக வாசல்களில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பேட்டா ட்ரிப்புக்கா, நாளுக்கா என்று முதலிலேயே கேளுங்கள். ட்ரிப்புக்கு என்றால் வரிசையில் கழியும் ராத்திரி உங்கள் கணக்கில்.

தொடங்குவதற்கு ஏற்றது கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கொண்டுபோகும் குறுந்தூர வண்டி. மாசச் சம்பளம், ஒரே ரூட், கேட்டுக்குள் நுழைய நேரக்கட்டுப்பாடு. சலிப்பான வேலைதான், நாமக்கல், சங்ககிரி வண்டிகளில் வடக்கே போய்வந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். ரிவர்ஸ் எடுப்பதும், டாக்கில் அணைப்பதும், நெரிசலில் பொறுமையும் அங்கேதான் படியும். நெடுந்தூரம் போகும் லைன் வண்டிதான் வேண்டும் என்றால், கூட ஒரு சீனியர் டிரைவர் வருவாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

டீசல் கணக்கைத்தான் புதியவர்கள் கேட்கத் தவறுகிறார்கள். உதாரணத்துக்கு, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஓனர் வைத்திருக்கிறார். போகவர 800 கிலோமீட்டர். 200 லிட்டர் தருவார். நீங்கள் 215 லிட்டர் செலவழித்தால் அந்த 15 லிட்டர் யார் தலையில்? சில இடங்களில் பேட்டாவிலேயே பிடித்துவிடுவார்கள். லோடோடு ஒரு மைலேஜ், காலியாக ஒரு மைலேஜ் என்று பிரித்திருக்கிறாரா, மலையேற்றத்துக்குச் சேர்த்துத் தருவாரா, இன்ஜினை ஓடவிட்டு வரிசையில் நின்ற நேரம் கணக்கில் வருமா? பஞ்சர், டோல், வழியில் போடும் கேஸ் இவற்றையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள். முகம் சுளிக்கிற ஓனர் பிறகும் சுளிப்பார்.

சேர்வதற்கு முன் வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்று தெரியும். எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு எஃப்.சி. வருஷாவருஷம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டுவதும் குற்றம். விபத்தானால் டிரைவரும் வழக்கில் ஒரு தரப்பு. பிறகு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முன் டயரில் ரீட்ரெடிங் போட்டிருந்தால் அந்த ஓனர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்பது விளங்கிவிடும்.

‘ஒரிஜினல் லைசென்ஸை ஆபீஸ்ல குடுத்துடு’ என்றால் நகல் மட்டும் கொடுங்கள். பெரிய தொகையை அட்வான்ஸாக நீட்டினாலும் யோசியுங்கள். அது தீரும்வரை வேறு இடம் போக முடியாது. சம்பளம் பேங்கில் வரட்டும். நாளைக்கு வண்டியில் அடிபட்டு இழப்பீடு கேட்கும்போது, அவரிடம்தான் வேலை பார்த்தோம், இவ்வளவு வாங்கினோம் என்று காட்ட அந்தப் பாஸ்புக்தான் சாட்சி.

வேலை நேரம் பற்றிக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், நெடுந்தூர வண்டிக்கு 10 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ரோட்டில் அது எவ்வளவு செல்லுபடியானது என்பது வேறு கதை. ராத்திரி தூக்கம் வந்தால் ஓரங்கட்டலாமா, லோடு தாமதமானால் யார் பதில் சொல்வது என்று கேளுங்கள். இதற்கான உண்மைப் பதில் ஓனரிடம் கிடைக்காது. அவர் வண்டி நிற்கும் இடத்து டீக்கடையில், அவருடைய பழைய டிரைவரிடம் கிடைக்கும்.

கனரக லைசென்ஸுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமும் ஆகியிருக்க வேண்டும். 20 வயது ஆனவர்கள் அந்த ஒரு வருஷம் சும்மா இருக்க வேண்டாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இலகுரக லைசென்ஸ் உள்ளவர் மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. குட்டியானை போன்ற சின்னச் சரக்கு வண்டியில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வந்தவரைப் பெரிய வண்டி ஓனர்கள் நம்பிக் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு ட்ரிப் முடிந்ததும் கிலோமீட்டர், டீசல், பேட்டா பாக்கி மூன்றையும் எழுதி ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வேலையை விடும் நாளில் கடைசி ட்ரிப் பாக்கியை இழுத்தடிக்கும் ஓனரிடம் அதைக் காட்டித்தான் பேச முடியும்.